மணமகளின் கையெழுத்து

நாற்பத்தாறு வயதில் இந்திய வரலாற்றுத் தாளில் நான் தோற்றுப்போனேன். வெளிவாரிப் பட்டத்துக்கு எழுதிய மற்றத் தாள்கள் எல்லாம் தேறிவிட்டன; அது ஒன்றுதான் நின்றுவிட்டது. நான் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. பயிற்சிக் கலாசாலைச் சான்றிதழோடு இருபது வருடத்துக்கு மேல் படிப்பித்த பிறகு, பட்டம் இல்லாமல் மேலே போக முடியாது என்று சொல்லிவிட்டார்கள். "வேற பாடத்த எடுங்க டீச்சர், இந்தியா நமக்கு என்னத்துக்கு?" என்று பாடசாலையில் கூட இருப்பவர்கள் சொன்னார்கள். நான் விடவில்லை. மறுபடியும் அதே தாளுக்கே விண்ணப்பித்தேன். கல்முனையில் சனிக்கிழமைகளில் நடந்த ஒரு வகுப்பிலும் போய்ச் சேர்ந்தேன்.

சாய்ந்தமருதில் வளர்ந்த எனக்கு இந்தியா என்றால் சேலை, சினிமா, கண் ஒபரேசனுக்குப் போகிறவர்கள் திரும்பி வந்து சொல்லும் கதைகள். முதல் தடவை மன்னர்களையும் போர்களையும் ஆண்டுகளோடு பாடமாக்கிக்கொண்டுதான் பரீட்சை மண்டபத்துக்குப் போனேன். வினாத்தாளோ, காலனித்துவ ஆட்சி சட்டத்தின் வழியாக மக்களின் குடும்ப வாழ்வை எப்படி மாற்றியது என்று கேட்டது. அந்தக் கேள்விக்கு எழுத என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. பேனையை மூடி வைத்துவிட்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு இருந்தது ஞாபகம் இருக்கிறது.

சனிக்கிழமை வகுப்பை எடுத்தவர் ஆலையடிவேம்பிலிருந்து பஸ்ஸில் வருகிற ஓர் இளம் பெண். என்னைவிடப் பதினைந்து வயதாவது குறைவு. நான் அவரை டீச்சர் என்பேன். அவர் என்னை அக்கா என்பார். குறிப்புச் சொல்லி எழுதவைக்கிற பழக்கம் அவரிடம் இல்லை. கேள்வி கேட்டுவிட்டு, யாராவது பதில் சொல்லும் வரைக்கும் காத்திருப்பார்.

"கம்பனிக்காரன் கல்கத்தாவில நீதிமன்றம் திறக்கிறான்," என்று ஒருநாள் தொடங்கினார். "ரெண்டு முஸ்லிம்கள் கலியாண வழக்கோட வந்து நிக்கிறாங்க. நீதவானுக்கு அரபும் தெரியா, பாரசீகமும் தெரியா. என்ன செய்வான்?"

"மௌலவியக் கூப்பிட்டுக் கேப்பான்," என்றேன்.

"ஓம் அக்கா, கேட்டான். கொஞ்சக் காலம் போக, ஒவ்வொரு மௌலவியும் ஒவ்வொரு மாதிரிச் சொல்றதக் கண்டு சந்தேகப்பட்டான். அவனுக்குக் கையில பிடிக்கிற மாதிரி ஒரு புத்தகம் தேவைப்பட்டுது. அரபில இருந்ததப் பாரசீகத்துக்கு மாத்தி, பாரசீகத்தில இருந்து இங்கிலீசுக்கு மாத்தி, ஒரு புத்தகத்தச் செய்விச்சான். பிறகு மௌலவி தேவைப்படல்ல. அந்தப் புத்தகத்தில இருந்ததுதான் இஸ்லாம். அதில இல்லாதது இல்ல. இந்துக்களுக்கும் இதே கதைதான். பண்டிதர்களக் கேட்டுக் கேட்டு, கடைசியில அவங்களுக்கும் ஒரு புத்தகம்."

நான் கையை உயர்த்தினேன். "எங்கட நாட்டிலயும் இப்பிடி நடந்ததா டீச்சர்?"

"பாடத்திட்டத்தில இல்ல," என்று சிரித்தார். "ஆனா நடந்தது. தேடிப் பாருங்களன்."

தேடிப் பார்த்தேன். நூலகத்தில் இரண்டு சனிக்கிழமைப் பின்னேரங்கள் இருந்தேன். நம்முடைய கலியாணச் சட்டத்தின் முதல் வடிவம் ஒல்லாந்தர் தங்கள் கிழக்குத் தலைநகரான பத்தேவியாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது. அவர்களுக்குப் பிறகு வந்த பிரித்தானியர், கொழும்பில் சில முஸ்லிம் தலைவர்களிடம் காட்டிச் சரிதானா என்று கேட்டு, திருத்தி அச்சடித்தார்கள். நம்முடைய கிழக்குக் கரையில் யாரையாவது கேட்டதாக நான் படித்ததில் எங்கும் இல்லை. ஒரு பெண்ணைக் கேட்டதாகவும் இல்லை. இங்கே வீடும் அது நிற்கிற வளவும் மகளுக்குப் போகின்றன. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருக்கிறார். அப்படி ஒரு ஊர் இருப்பது அந்தப் புத்தகத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்குமா என்பதே எனக்குச் சந்தேகம்.

இதெல்லாம் பரீட்சைக்கு நல்ல பதிலாக வரும் என்றுதான் அப்போது நினைத்தேன். வேறு நினைப்பு வரவில்லை.

அந்த வருடமே என் மகளுக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தோம். ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள். இரத்தப் பரிசோதனை அறிக்கை எதுவும் அவளுடைய கையெழுத்து இல்லாமல் வெளியே போகாது. மாப்பிள்ளையின் ஊர் வரிப்பத்தான்சேனை; வேளாண்மைக் குடும்பம், அவர் விவசாயப் போதனாசிரியர். எங்கள் வளவில் அவளுக்குக் கட்டிய வீட்டின் உறுதியை, அதாவது உரிமைப் பத்திரத்தை, எழுதுவதற்காக நொத்தாரிசிடம் போனோம். அவர் ஒவ்வொரு பக்கத்தையும் அவளுக்கு வாசித்துக் காட்டினார். விளங்கியதா என்று கேட்டார். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்கினார். பெருவிரல் அடையாளமும் எடுத்தார். பக்கத்தில் இருந்த எங்களைப் பார்த்து, "புள்ளதான் பதில் சொல்லணும், நீங்க சொல்லாதீங்க," என்றும் சொன்னார்.

உறுதிக்கான கடுதாசிகளைத் தேடும்போது என்னுடைய கலியாணப் பதிவு, நாங்கள் காவின் என்று சொல்வது, கையில் அகப்பட்டிருந்தது. இருபத்தாறு வருடத்துக்குப் பிறகு அதை முதல் தடவையாக வாசித்தேன். மாப்பிள்ளையின் கையெழுத்து இருந்தது. வலியின் கையெழுத்து இருந்தது. பெண்ணை மணமுடித்துக் கொடுக்கிற பொறுப்புள்ள ஆண்தான் வலி, எனக்கு என் வாப்பா. நிக்காஹ் நடத்திவைத்தவரின் கையெழுத்தும் இருந்தது. என்னுடைய பெயர் வேறு யாரோ ஒருவரின் எழுத்தில் இருந்தது. என் கையெழுத்தைத் தேடினேன். கையெழுத்து இல்லாதது மட்டுமல்ல, அதற்கு ஒரு கோடுகூட அச்சடிக்கப்பட்டிருக்கவில்லை.

நான் அன்று சம்மதித்துத்தான் முடித்தேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நான் சம்மதித்தேன் என்பதற்கு அந்தக் கடுதாசியில் எந்தச் சாட்சியும் இல்லை. வீட்டுக்கு இரண்டு சாட்சி, பெருவிரல், பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து. வாழ்க்கைக்கு ஒன்றும் இல்லை. வகுப்பில் கேட்ட கல்கத்தாவும் பத்தேவியாவும் என் அலுமாரிக்குள் இருந்ததை அன்றுதான் கண்டேன்.

மகளிடம் சொன்னேன். "உன்ட காவினில நீ கையெழுத்துப் போட விருப்பமா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க படிச்ச பாடத்த என்ட கலியாணத்தில பரிசோதிக்காதீங்க உம்மா," என்றாள்.

அது எனக்குச் சுட்டது. சரியாகத்தான் சொன்னாள். என்னுடைய கோபத்தை அவளுடைய நாளில் கொண்டுபோய் வைக்க எனக்கு என்ன உரிமை? நான் மறுபடி அதைப் பேசவில்லை. நாலு நாள் கழித்து, வேலையால் வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தானாகவே சொன்னாள்.

"அவரிட்டக் கேட்டன். பொண்ணுட கையெழுத்து அதில இல்லையெண்டு எனக்கு இப்பதான் தெரியும் எண்டார். தெரிஞ்ச பிறகு இல்லாம இருந்தா அவருக்கும் ஒரு மாதிரியாம். நான் போடுறன் உம்மா. உங்களுக்காக இல்ல."

"எனக்காக வேணாம்," என்றேன்.

கணவரிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. அவர் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார்.

"என்ட புள்ளைய நான் விருப்பமில்லாமக் குடுப்பன் எண்டு நினைக்கியா?"

"நீங்க குடுக்கமாட்டீங்க. ஆனா அந்தப் புத்தகம் உங்களுக்கு மட்டும் அச்சடிச்சதில்லையே."

"வெள்ளக்காரன் போயி எவ்வளவு காலம். இன்னும் எல்லாத்துக்கும் அவன்ட பேரையா சொல்லப்போறாய்?"

இதை இரண்டு நாள் யோசித்தேன். அவர் கேட்டது நியாயம். வெள்ளைக்காரன் அந்தக் கையெழுத்துக் கோட்டை அச்சடிக்காமல் விட்டான். அவன் போன பிறகு அதை அப்படியே வைத்துக்கொண்டது நாம்தான். நமக்கு வசதியாக இருந்தது. வசதியாக இருந்ததை மார்க்கம் என்றும் சொல்லிக்கொண்டோம். இந்தியாவிலும் இதேதான் நடந்திருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு அந்தப் பழைய சட்டத்தைத் தொடவே கூடாது என்று ஒரு கூட்டம். முஸ்லிம்களை அவமானப்படுத்த அதைக் கையில் எடுத்த இன்னொரு கூட்டம். நடுவில் வழக்குக் கட்டோடு நின்ற பெண்களை யாரும் உட்காரச் சொல்லவில்லை. இதை நான் கணவரிடம் சொன்னேன்.

"அதுதான் நானும் சொல்றன்," என்றார். "இந்த நேரத்தில நாம இதக் கதைச்சா, வெளியால உள்ளவன் எடுத்துக்கொண்டு ஓடுவான். பஸ்ஸில உன்னப் பாக்கிற பார்வ உனக்குத் தெரியுந்தானே."

எனக்குத் தெரியும். குண்டுகள் வெடித்த பிறகு முஸ்லிம்கள் எல்லாரையும் சந்தேகமாகப் பார்த்த அந்தக் கெட்ட காலத்தில் கொழும்புக்குப் போகும் வழியில் என்னுடைய பையை மட்டும் இரண்டு தடவை கொட்டிப் பார்த்தார்கள். அந்தப் பயம் பொய்யல்ல. "பயந்து பயந்து நாம எங்கட வீட்டக் கூட்டாம இருக்க ஏலுமா?" என்று கேட்டேன். அடுத்த நாள் விவாகப் பதிவாளரின் வீட்டுக்கு என்னை மோட்டார் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போனது அவர்தான். உள்ளே வரவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் நின்றார்.

பதிவாளர் ஓய்வுபெற்ற அரபு ஆசிரியர். ஊரில் பாதிப்பேரின் நிக்காஹ் அவர் கையால் எழுதியது. நான் மரியாதையாக ஹஸ்ரத் என்றே கூப்பிடுவேன். நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, பதிவுப் புத்தகத்தை எடுத்து எனக்கு முன்னால் விரித்தார்.

"பாருங்க டீச்சர். இதில இடமில்ல."

"இடமில்லாதது எனக்குத் தெரியும் ஹஸ்ரத். அத யாரு அடிச்சது?"

"அரசாங்கம்."

"அப்ப அது மார்க்கமில்லையே. பொண்ணுட சம்மதம் இல்லாம நிக்காஹ் இல்லையெண்டு நீங்கதானே எங்களுக்கு ஓதித் தந்தீங்க."

"நான் ஒவ்வொரு நிக்காஹ்விலயும் ஆளனுப்பிப் பொண்ணுட்டக் கேக்கிறன். கேக்காம ஒண்டும் எழுதினதில்ல."

"கேக்கிறீங்க. அது புத்தகத்தில எங்க இரிக்கி?"

அவர் புத்தகத்தை மூடினார். கோபம் இல்லை, களைத்துப்போனவர்போல் இருந்தார். "நான் பாத்துச் சொல்றன்," என்றார். அப்படிச் சொன்னால் இல்லை என்று அர்த்தம். அலுவலகங்களில் அந்த வார்த்தையைக் கேட்டு எனக்குப் பழக்கம். திரும்பி வரும் வழியில், அவர் மறுத்தால் பிரதேச செயலகத்துக்கு எழுதுவது, அங்கேயும் மறுத்தால் அதற்கு மேலே எழுதுவது என்று மனதுக்குள் கடிதத்தை எழுதிக்கொண்டே வந்தேன்.

பரீட்சை அதற்கிடையில் வந்தது. சட்டம் பற்றிய கேள்வியும் வந்தது. ஐந்து பக்கம் எழுதினேன். தேறினேன். சாதாரண தேர்ச்சிதான்; எனக்கு அது போதும்.

கலியாணத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது பதிவாளர் தானாகவே எங்கள் வீட்டுக்கு வந்தார். தேநீர் வேண்டாம் என்றார். என் கணவரையும் என்னையும் இருக்கச் சொன்னார்.

"சட்டத்த ரெண்டு தரம் வாசிச்சன். பொண்ணு போடணும் எண்டும் இல்ல, போடப்படா எண்டும் இல்ல. வலிட கையெழுத்துக்குக் கீழ கொஞ்சம் வெறும் இடம் இரிக்கி. அதில போடட்டும். புத்தகத்த மேல இருந்து திருப்பி அனுப்பினா நான் பதில் சொல்றன்."

நான் எப்படி நன்றி சொல்வது என்று தேடிக்கொண்டிருந்தேன். அவர் தொடர்ந்தார்.

"என்ட மகள்ட காவினயும் நான்தான் எழுதினன். நேத்து அவட்டக் கேட்டன், நீயும் கையெழுத்துப் போட்டிருந்தா நல்லா இருந்திருக்குமா எண்டு. அவ எழும்பி உள்ளுக்குப் போயிற்றா."

சொல்லிவிட்டு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

கலியாணத்தன்று பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு எங்கள் வீட்டில் நிக்காஹ். வரிப்பத்தான்சேனையிலிருந்து இரண்டு வேனில் ஆட்கள் வந்திருந்தார்கள். முன் மண்டபத்தில் ஆண்கள், மகள் உள்ளறையில். வழக்கம்போல் கணவரும் இரண்டு சாட்சிகளும் உள்ளே வந்து சம்மதம் கேட்டார்கள். அவள், "ஓம் வாப்பா," என்றாள். அவர்கள் போய்ச் சொன்னார்கள். மாப்பிள்ளை சொல்ல வேண்டியதைச் சொல்லி ஒப்புக்கொண்டார். கையெழுத்துகள் முடிந்தன. பிறகு பதிவாளர் புத்தகத்தை மூடாமல், "பொண்ணக் கூப்பிடுங்க," என்றார்.

மாப்பிள்ளையின் பெரிய வாப்பா, அவருடைய தகப்பனின் மூத்த சகோதரர், குரலை உயர்த்தாமல் கேட்டார். "இது என்ன புதுசு? எங்கட பக்கத்தில இப்பிடி இல்ல."

நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். பதில் சொல்ல வாயெடுத்தேன். எனக்கு முன்னால் மாப்பிள்ளை சொன்னார்: "நானும் அவவும் சேந்து எடுத்த முடிவு பெரிய வாப்பா."

"சட்டத்தில இடமிருக்கா ஹஸ்ரத்?"

"வெறும் இடம் இரிக்கி," என்றார் பதிவாளர்.

யாரோ சிரித்தார்கள். பெரிய வாப்பா சிரிக்கவில்லை. எழுந்து போகவும் இல்லை. மகள் வந்தாள். கை நிறைய மருதோன்றி, வளையல். பேனையைப் பிடிக்கக் கொஞ்சம் கஷ்டப்பட்டாள். ஆய்வுகூடத்தில் போடுகிற அதே கையெழுத்தை, தகப்பனுடைய பெயருக்குக் கீழே, இருந்த சின்ன இடத்தில் போட்டாள். போட்டுவிட்டு அங்கேயே நிற்காமல் உள்ளே வந்துவிட்டாள். அவள் என்னைப் பார்த்து, "பேன சரியா எழுதுதில்ல," என்று மட்டும் சொன்னாள்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். சில மாதம் கழித்து, அவளுடைய அலுவலகத்தில் விவாகப் பதிவைக் கேட்டார்கள். பிரதி எடுக்கப் பிரதேச செயலகத்துக்குப் போனேன். கையில் தந்த பிரதியில் மாப்பிள்ளையின் விபரம், வலியின் விபரம், எல்லாம் அழகாகத் தட்டச்சுச் செய்திருந்தது. அவளுடைய கையெழுத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

"மூலப் புத்தகத்தில இரிக்கி," என்றேன்.

பிரதி தந்த லிகிதர் நல்ல பிள்ளை. எழுந்து போய்ப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு வந்தார். "ஓம் டீச்சர், இரிக்கிதான். ஆனா பிரதியில அதுக்கு இடமில்ல. கம்பியூட்டர் எடுக்காது."

வெள்ளைக்காரனின் படிவத்தை இப்போது கம்பியூட்டருக்குள் ஏற்றியிருக்கிறார்கள். நான் அன்று வீட்டுக்கு வந்தேன். அடுத்த கிழமை போனேன். அதற்கு அடுத்த கிழமையும் போனேன். ஒருநாள் மேலதிகாரி கூட்டத்தில், மற்ற நாள் அவர் லீவு. நாலாம் தடவை போக வெளிக்கிடும்போது கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

"வாயால சொன்னாச் சரிவராது. எழுத்தில குடுப்பம்," என்றார். முப்பது வருடம் அரச அலுவலகத்தில் இருந்தவர். தானே கடிதத்தை எழுதியிருந்தார்; நான் எழுதியிருந்தால் கல்கத்தாவிலிருந்து தொடங்கியிருப்பேன். அவருடைய கடிதம் ஆறு வரி.

அன்று மேலதிகாரி இருந்தார். கடிதத்தை வாசித்துவிட்டு, பிரதி செல்லுபடியானதுதானே, பிறகு என்ன பிரச்சினை என்று கேட்டார்.

கணவர் எழுந்து நின்றுதான் பேசினார். "என்ட கையெழுத்து அந்தப் பக்கத்தில இரிக்கி சேர். அதுக்குக் கீழ என்ட மகள்ட கையெழுத்து இரிக்கி. ரெண்டும் ஒரே பக்கத்தில இரிக்கிறதுக்கு எனக்கு ஒரு சாட்சி வேணும். அந்தப் பக்கத்த அப்பிடியே போட்டோக்கொப்பி எடுத்து, சரியெண்டு சீல் அடிச்சித் தாங்க."

மேலதிகாரி லிகிதரைக் கூப்பிட்டுப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். போட்டோக்கொப்பி இயந்திரத்தில் மை குறைவு. முதல் பிரதி மங்கலாக வந்தது, இன்னொன்று எடுக்கச் சொன்னார். சீல் அடித்து, கையொப்பமிட்டு, திகதி போட்டுத் தந்தார். கோப்பு ஒன்றையும் திறந்து எங்கள் கடிதத்தை அதற்குள் வைத்தார்.

சட்டம் மாறவில்லை. அதைப் பற்றிக் கொழும்பில் குழுக்கள் கூடிக் கலைகின்றன. நான் அவற்றுக்கு இரண்டு தடவை எழுதி அனுப்பியிருக்கிறேன். கடிதம் கிடைத்தது என்று ஒரு தடவை பதில் வந்தது. இந்த மாதம் மூன்றாவதை எழுதிக்கொண்டிருக்கிறேன். என் கணவர் சொன்னதுபோல் இந்த முறை சுருக்கமாக, இலக்கமிட்டு, எந்தப் பிரிவில் எந்தக் கோடு வேண்டும் என்று தெளிவாக எழுதுகிறேன். கல்கத்தாவை ஒரே ஒரு வரியில் வைத்திருக்கிறேன். அதை எடுக்கச் சொல்லி அவர் கேட்கிறார். நான் எடுக்கப்போவதில்லை.